டிஸ்சார்ஜ் ஆன பிறகு: வீடா, பகல்நேர மையமா, இல்லமா, வேலையா?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கிற ஒரு குடும்பம், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), மனநிலை மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற இருதுருவ நோய் (பைபோலார்) மாதிரி நீண்ட நாள் மனநோயோடு வாழும் முப்பது, நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு மறுவாழ்வு ஏற்பாடு தேடுகிறது என்றால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மருந்துக்கு மாதம் ஒரு முறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் ஓபி வரிசையில் நின்று வாங்கி வரலாம், தப்பே இல்லை. மறுவாழ்வு அப்படி மாதம் ஒரு நாள் போய் வாங்கி வருகிற விஷயம் இல்லை, அது தினசரி நடக்க வேண்டியது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், மாத்திரை மயக்கத்தில் எழ முடியாத நான்கு காலைகள் சேர்ந்தாற்போல் வந்தால் நின்றுவிடும். ஒரு முறை நின்றால் மறுபடி தொடங்குவது மலையளவு வேலை.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு. வீடு திருப்பாதிரிப்புலியூர் பக்கம். எங்கள் வீட்டில் பார்த்ததையும், இதே நிலையில் இருக்கிற மற்றக் குடும்பங்களோடு பேசித் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது, அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

மாத்திரை எது வரைக்கும் வேலை செய்யும் என்பது தெரிந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும். காதில் கேட்கிற குரலைக் குறைக்கும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயத்தை அடக்கும், தூக்கம் வரும். ஆனால் எழுந்து பல் தேய்க்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், கையில் கொஞ்சம் காசு வேண்டும் என்கிற நாட்டத்தை மாத்திரை மட்டும் கொண்டுவந்துவிடாது. நாட்டமில்லாமல் படுத்தே கிடப்பதும் நோயின் ஒரு பகுதிதான், சோம்பேறித்தனம் கிடையாது. வீட்டில் ஓயாமல் குறை சொல்வதும், அதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்துப் பொத்திப் பொத்தி வைப்பதும், இரண்டுமே நோய் திரும்ப வருகிற வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் சொல்லிவருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட சமூகம் சார்ந்த மறுவாழ்வு வழிகாட்டி இதை ஐந்து கூறாகப் பிரிக்கிறது: உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, தன் உரிமையைத் தானே கேட்டு வாங்கும் வலிமை. நம் ஊரில் மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டியிருக்கிற எந்த இடத்துக்கும் இந்த ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், முதல் கூறோடு நின்றுவிட்டவை எத்தனை என்று தெரியும்.

சரி, முதல் வழி: வீட்டிலேயே இருப்பது, வெளியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து போவது.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996-இலிருந்து நாட்டில் நடக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என ஒரு குழு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்துகொண்டு, தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. கடலூர்க்காரர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நேரே பாண்டிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்தக் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியது மாத்திரையை மட்டும் அல்ல, வீட்டுக்கு யார் வருவார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும்தான். சில ஊர்களில் தொண்டு நிறுவனங்களும் இந்த வேலையைச் செய்கின்றன.

வீட்டுக்கு வருவதால் என்ன பெரிய பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன், 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. காஞ்சிபுரம் பகுதிக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு உள்ள 282 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு, பயிற்சி கொடுக்கப்பட்ட சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து உதவினார்கள். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது வீட்டுக்கு ஆள் வந்த குழு கொஞ்சம் மேலாக இருந்தது, கொஞ்சம்தான். ஆனால் இடம் பிரித்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. செலவு கூடத்தான் ஆனது, பணியாளர்களைப் பக்கத்தில் இருந்து வழிநடத்த ஆள் வேண்டும் இல்லையா. பக்கத்தில் வேறு எந்த வசதியும் இல்லாத ஊருக்கு, வீடு தேடி வருகிற ஒருவரால் வித்தியாசம் ஏற்படுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த வித்தியாசம் எப்படி நடக்கிறது என்பதை எங்கள் வீட்டில் பார்த்தேன். வந்த பெண் அண்ணனுக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "ரேஷன் கடைக்கு யாரும்மா போறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். "நான்தான் போறேன், இவனை விட்டா கார்டைத் தொலைச்சிட்டு வந்து நிப்பான்" என்றார் அம்மா. "அடுத்த தடவை அண்ணாவும் கூட வரட்டும். நீங்க வரிசையில நில்லுங்க, பையை மட்டும் அவங்க புடிச்சுக்கட்டும்." அவ்வளவுதான். அதற்கு அடுத்த மாதம் அண்ணன் வரிசையில் நின்றான், அம்மா ஓரமாக நிழலில் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மாதம் மிஷினில் விரல் வைத்ததும் அவன்தான், அரிசி எடை குறைகிறது என்று கடைக்காரரிடம் சொன்னதும் அவன்தான். அன்றைக்கு அம்மா தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த மையத்தில் சேர்த்திருந்தாலும் இந்த ரேஷன் கடை வரிசை கிடைத்திருக்காது, ஏனென்றால் அவன் வாழ வேண்டிய தெரு இதுதான்.

இந்த வழியின் குறையும் பெரியது. பாரம் மொத்தமும் ஒரு பெண் தலையில் விழுகிறது, அம்மா, மனைவி, அக்கா, யாரோ ஒருவர். பணியாளர் மாறுவார், திட்டம் முடிந்துவிட்டது என்று வருகை நிற்கும். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நண்பர்கள் என்று யாரும் கிடைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தால் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

பகல்நேர மையம் இந்த இடத்தில்தான் வருகிறது. காலையில் போய்ச் சாயந்தரம் திரும்புவது. மெழுகுவத்தி, ஊதுபத்தி, பேப்பர் கவர், தையல், சேர்ந்து சமைப்பது, கேரம், செய்தித்தாள் படிப்பது, இதுதான் பெரும்பாலும். நான் இதைக் குறைத்துப் பேசமாட்டேன். தன்னைப் போலவே மாத்திரை சாப்பிடுகிற நாலு பேரைச் சந்திப்பதும், கை நடுக்கம் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாத ஓர் இடத்தில் டீ குடிப்பதும், வீட்டில் கிடைக்காத விஷயங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆறு மணி நேரம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

மையத்தைப் பார்க்கப் போனால் பதினொரு மணிவாக்கில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேர் மேஜையில் தலை வைத்துத் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒன்றிரண்டு பேர் தூங்கினால் அது மாத்திரை. அறை முழுக்கத் தூங்கினால் அங்கே செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தம். செய்த பொருளை விற்ற காசு செய்தவர் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் இங்கிருந்து வெளி வேலைக்குப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். எல்லாரும் பத்து வருடமாக அதே நாற்காலியில் இருந்தால், அது நல்ல துணை, மறுவாழ்வு என்று சொல்ல முடியாது. பெண்களுக்குத் தனியாக இன்னொன்று உண்டு: போக்குவரத்து. பல வீடுகளில் ஆண்களைத்தான் மையத்துக்கு அனுப்புகிறார்கள், பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு "அவளுக்கு வீட்டிலேயே பொழுது போகுது" என்கிறார்கள். அது பொழுதுபோக்கு இல்லை, சம்பளம் இல்லாத வேலை.

தூரக் கணக்கு இங்கேதான் கடுமையாக வருகிறது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் இல்லை. கடலூருக்குள்ளேயே ஒரு மையம் என்றால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம் ஆகலாம். பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் இது கிடையாது. தினமும் இருவருக்குப் போக வர டிக்கெட் என்று மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல குடும்பங்கள் ஏன் நிறுத்துகின்றன என்று புரியும். அப்புறம் மழைக்காலம். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்குப் புயல் வராத காலம் குறைவு. ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரை என்ன செய்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி.

மூன்றாவது, தங்கவைக்கும் இல்லம். நிறையக் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியாகப் பாருங்கள் என்பதும் இதைத்தான். இதற்குள்ளும் இரண்டு வகை. இடைநிலை பராமரிப்பு மையம் என்பது மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் சில மாதங்கள் தங்கி, சமைக்க, துவைக்க, பணம் கையாளப் பழகிவிட்டு வெளியே வருவதற்கான இடம். நல்லபடி நடந்தால் உண்மையிலேயே உதவும், முக்கியமாக வீட்டில் தினமும் சண்டை நடக்கிற நிலையில். மற்றொன்று, கொண்டுபோய் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் கட்டுகிற இல்லம். அங்கே திரும்பி வருவது பற்றி யாரும் பேசுவதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இல்லத்தில் நடந்ததை நாம் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அதற்கெல்லாம் காலம் போய்விட்டது என்று நினைப்பவர்கள், 2023-இல் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் பற்றி வெளியான புகார்களை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே தங்கியிருந்தவர்களைக் காணோம் என்று உறவினர்கள் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதனால் இல்லம் என்றால் முதல் கேள்வி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா, சான்றிதழைக் காட்டுங்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழைப் பார்த்த பிறகு அங்கே இருப்பவர்களின் தலையைப் பாருங்கள். எல்லாருக்கும் மொட்டை, எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை அந்த இடம் மீறுகிறது. கட்டாய மொட்டை கூடாது, விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம், விருப்பமில்லாமல் வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் ஊதியம் தர வேண்டும், போனில் பேச வழி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விவரமாகவே சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை. பேன் வருகிறது, சுத்தத்துக்காக மொட்டை என்று காரணம் சொல்வார்கள். நம் வீட்டில் யாருக்காவது பேன் வந்தால் சீப்பு வாங்குவோம். அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடும்பம் இல்லை என்பதற்காகவோ, வெளியே வேறு வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது, ஊருக்குள் வாழ்வது அவர் உரிமை என்கிறது. இதை அரசே முழுசாக நிறைவேற்றியிருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பதற்கு நம் கையில் ஒரு பிடி இருக்கிறது.

அப்புறம் வேலை. பயிற்சி எல்லாம் முடிந்து தயாரான பிறகுதான் வேலை என்பது பழைய முறை. இப்போது பல நாடுகளில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்: அவர் விரும்புகிற சாதாரண வேலையை முதலில் பிடித்துக் கொடுத்துவிட்டு, வேலையில் இருக்கும்போதே ஒருவர் தொடர்ந்து துணை நிற்பது. இந்த முறையில் வேலை கிடைத்தவர்களும் நிலைத்தவர்களும் பழைய முறையைவிட அதிகம் என்று ஆய்வு மேல் ஆய்வாகக் காட்டியிருக்கின்றன. நம் பக்கம் இதை அப்படியே செய்கிற அமைப்பு கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டாலும், தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நிற்கிறான். காலை எட்டு மணி வேலை என்றால் அவனால் முடியாது, ராத்திரி மாத்திரையின் அசதி தெளியவே பத்தாகும். கடைக்காரர் அதைப் புரிந்துகொண்டு நேரத்தை மாற்றிக் கொடுத்தார், சம்பளத்தைத் தினமும் கையில் தருகிறார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைப்பது, தேவனாம்பட்டினத்தில் வலை சரிபார்ப்பது என்று குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைகளும் உண்டு. அங்கே நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம்.

எல்லா வேலையும் ஒத்துவராது. இருதுருவ நோய் உள்ளவருக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிற சிப்காட் வேலை ஆபத்து, தூக்கம் கலைந்தாலே நோய் கிளம்பும். இருதுருவ நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் சென்ட்ரிங் வேலைக்குப் போனால், வியர்த்து உடம்பில் நீர் குறைந்து, ரத்தத்தில் லித்தியம் விஷமாகிற அளவுக்கு ஏறலாம், மருத்துவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. நோயை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வேலைக்குப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

அம்மா அப்பாவுக்குப் பிறகு யார் என்ற கேள்விதான் எல்லாரையும் இல்லத்தை நோக்கித் தள்ளுகிறது. இதற்கு வேறு பதிலும் இருக்கிறது. சென்னை பான்யன் அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நீண்ட காலம் மருத்துவமனையிலும் இல்லத்திலும் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். யாரோடு தங்குவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், உதவிக்கு ஒரு பணியாளர். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நல்ல முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று. கடலூரிலும் பாண்டியிலும் வாடகை வீட்டுக்குப் பஞ்சமில்லை, நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு தொண்டு நிறுவனத்தை அழைத்துப் பேசலாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டு ஓனர்கள் சம்மதிப்பதுதான் இப்போதைக்குப் பெரிய தடை.

ஆக, எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு என் தேர்வு இது: மருந்து எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அங்கே, வீட்டுக்கு ஒருவர் வருவது கட்டாயம், நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போகிற தூரத்தில் ஒரு மையமோ இரண்டு மணி நேர வேலையோ. இவற்றில் எது என்பதை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். வீட்டில் அடிதடி, உயிருக்கு ஆபத்து, பார்க்க ஆளே இல்லை என்ற நிலையில் இடைநிலை மையம், அதுவும் திரும்பி வரும் தேதியை முதல் நாளே பேசிவிட்டு. பெற்றோர் இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டால் சேர்ந்து வாழும் வீட்டுக்கான பேச்சை இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

காகிதங்களைப் பற்றி ஒன்று. ஜிப்மரில் கடலூர்க்காரரும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் உதவித்தொகையும் நலத்திட்டமும் ரேஷன் கார்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அரசிடம்தான். முள்ளோடையில் வீடு என்றால் புதுச்சேரி அரசு, அடுத்த ரெட்டிச்சாவடியில் என்றால் தமிழ்நாடு. எந்தப் பக்கம் ஆனாலும் முதலில் தேவை மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோய்க்கும் உண்டு. இயலாமை 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அந்தச் சதவீதத்தைத் தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால் பழைய ஓபி சீட்டுகளை எடுத்துப் போங்கள், தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் கூடப் போக வேண்டும், ஊரிலிருந்து வந்த மாமா போனால் "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். தேசிய அறக்கட்டளை நடத்துகிற நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்து அலைய வேண்டாம், அந்த அறக்கட்டளைக்கான சட்டத்தில் மனநோய் வராது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.